ஆசிட் பூச்சி: வீட்டு விளக்கடியில் காணும் சிறு வண்டை இனங்காணல்

ஆசிட் பூச்சி என்பது மழைக்காலத்திலும் நெல் அறுவடையை ஒட்டிய நாட்களிலும் இரவு வெளிச்சத்தை நாடி வீட்டுக்குள் வரும் ஒரு சிறு வண்டு ஆகும். பார்ப்பதற்குப் பெரிய எறும்பு போல இருக்கும். கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி அமைந்த மெல்லிய உடல் கொண்டது. இது கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. ஆனால் தோலின் மீது வைத்து நசுக்கினால் இதன் உடல்நீர் பட்ட இடத்தில் மறுநாள் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகின்றன. விலங்கியலில் இது ஸ்டாஃபிலினிடே என்னும் வண்டுக் குடும்பத்தில் பீடரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்தில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் உலகெங்கும் உள்ளன. நெல் விளையும் ஆசிய நாடுகளில் பரவலாகக் காணப்படுவது பீடரஸ் ஃபுசிபெஸ் என்னும் இனம்.

வீட்டுச் சுவரில் காணும் அறியாத பூச்சிகளில் பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்யாதவை. அவற்றை அடித்தாலும் விட்டாலும் பெரிய வேறுபாடில்லை. ஆசிட் பூச்சி அப்படியன்று. அடிக்கும் செயலே இங்கு காயத்தை உண்டாக்குகிறது. ஆகவே கையை ஓங்கும் முன் இது எது என்று தெரிந்திருப்பது இந்த ஒரு பூச்சியின் விஷயத்தில் மிகவும் பயன்படும்.

பெயர்கள்

ஆசிட் பூச்சி என்னும் பெயர் அண்மைக் காலத்தில் செய்திகள் வழியாகவும் கைப்பேசிப் பகிர்வுகள் வழியாகவும் பரவியது. பூச்சிக்குள் அமிலம் எதுவும் இல்லை. புண் அமிலம் பட்டது போல் எரிவதால் வந்த பெயர் இது. ஆங்கில நாளிதழ்கள் இதை நைரோபி ஈ என்று எழுதுவதுண்டு. அதுவும் பொருந்தாத பெயரே. இது ஈ அன்று, வண்டு. இங்கு காணப்படுவது நைரோபியிலிருந்து வந்ததும் அன்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ளவை இதே பேரினத்தின் வேறு இனங்கள். 1997, 1998ஆம் ஆண்டுகளில் எல் நினோ காரணமாகப் பெருமழை பெய்தபோது கென்யாவில் அவை பெருகிப் பலருக்குத் தோல் புண்ணை உண்டாக்கின. 2022 ஜூலையில் கிழக்குச் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் சுமார் 100 பேருக்கு இதே வகைப் புண் வந்தபோது, வெளிநாட்டுப் பூச்சி நாட்டுக்குள் நுழைந்துவிட்டது என்பது போன்ற அச்சம் எழுந்தது. உண்மையில் பீடரஸ் வண்டுகள் இந்தியாவின் வயல்களில் நெடுங்காலமாக வாழ்பவை. 2007இல் இந்தியத் தோல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் மேற்கு ஒடிசாவில் மட்டும் 590 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வெளியாகியிருந்தது.

தமிழ் ஊர்களில் இப்புண்ணுக்கு வழங்கும் பழைய பெயர்கள் பூச்சியைக் குறிப்பவை அல்ல. இரவில் ஏதோ கடித்தது, எது என்று பார்க்கவில்லை என்னும் நிலையில் தோலில் தோன்றும் தடிப்பையும் கொப்புளத்தையும் காணாக்கடி என்பர். சிலந்தி சிறுநீர் கழித்துவிட்டது, பல்லி எச்சில் பட்டுவிட்டது என்று சொல்வதும் உண்டு. காணாக்கடி என்னும் சொல் பொருள் நிறைந்தது. ஆசிட் பூச்சி விஷயத்தில் அது ஏறக்குறைய சரியாகவே பொருந்துகிறது. பூச்சி மேலே ஊர்ந்தது முந்தைய நாள் இரவு. புண் தெரிவது மறுநாள் காலையிலோ மாலையிலோ. இடையில் அரை நாள் முதல் ஒன்றரை நாள் வரை கழிந்துவிடுகிறது. தூக்கத்தில் கழுத்தில் ஏதோ ஊர்ந்ததும் கை தானாகத் தேய்த்ததும் நினைவில் இருப்பதில்லை. அதனால்தான் இதே பூச்சி வீட்டில் ஆண்டுதோறும் வந்து போனாலும் பலர் அதைப் புண்ணோடு இணைத்துப் பார்ப்பதில்லை.

கறம்பக்குடி போன்ற பகுதிகளில் வரும் காலம்

கறம்பக்குடி புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கில், தஞ்சாவூர் மாவட்ட எல்லையை ஒட்டி உள்ள பேரூர். சுற்றிலும் செம்மண் மேட்டு நிலங்களும், குளங்களும், குளத்துப் பாசனத்திலும் ஆழ்குழாய்க் கிணற்றுப் பாசனத்திலும் விளையும் நெல் வயல்களும் உள்ளன. ஈர மண், நெருக்கமான பயிர், வயலுக்குப் பக்கத்திலேயே விளக்கெரியும் வீடு ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் ஆசிட் பூச்சிக்கு ஏற்றது. அத்தகைய ஊர்கள் மாவட்டம் முழுவதும் உண்டு.

இவ்வண்டு பகலில் வயலின் ஈர மண்ணிலும், வரப்புப் புல்லிலும், குளக்கரைச் சருகுகளின் அடியிலும் திரியும். முட்டைகளையும் ஈர மண்ணில்தான் இடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மழையில் வயலும் வரப்பும் மூழ்கும்போது பூச்சி மேடு தேடி ஏறும். மழை ஓய்ந்த புழுக்கமான இரவுகளில் வெளிச்சத்துக்கு வரும். சம்பா அறுவடையின்போது கதிர் அறுபட்டு மறைவிடம் போய்விடுவதால் மறுபடியும் இடம்பெயரும். ஆக, ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களில் சுவரில் சிறு செம்மஞ்சள் பூச்சியைக் கண்டால் முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான்.

வெள்ளை ஒளி இதை மிகவும் ஈர்க்கும். குழல் விளக்கும் வெண்ணிற எல்.இ.டி. விளக்கும் எரியும் திண்ணை, வாசல், மாணவர் விடுதி, வயலை ஒட்டிய பெட்ரோல் நிலையம் ஆகிய இடங்களில் இருட்டிய முதல் சில மணி நேரத்தில் இது அதிகம் காணப்படும். விளக்குக்கு நேர் கீழே படுப்பவர்களுக்கும், விளக்கடியில் குனிந்து படிக்கும் பிள்ளைகளுக்கும் கழுத்திலும் முகத்திலும் புண் வருவது இதனாலேயே.

அடையாளம்

நீளம் 7 முதல் 10 மில்லிமீட்டர் வரை. ஏறக்குறைய ஒரு நெல்மணியின் நீளம். ஆனால் நெல்மணியைவிட மிக மெல்லியது. உடல் ஐந்து பட்டைகளாகத் தோன்றும். தலை கறுப்பு. அதையடுத்த மார்பு செம்மஞ்சள் அல்லது செங்கல் நிறம். நடுவில் நீலமோ பச்சையோ பளபளக்கும் கருமையான ஒரு சிறு பட்டை. பிறகு செம்மஞ்சள் வயிறு. அதன் நுனி மட்டும் மீண்டும் கறுப்பு. தலையிலிருந்து சொன்னால் கறுப்பு, செம்மஞ்சள், கருநீலம், செம்மஞ்சள், கறுப்பு என்னும் வரிசை. பூச்சியை ஒரு முறை நிதானமாகப் பார்த்தவர்கள் பிறகு இந்த வரிசையை மறப்பதில்லை.

நடுவில் உள்ள கருநீலப் பட்டைதான் இனங்காண்பதில் முக்கியமானது. அது உடலின் நிறப்பட்டை அன்று, இறக்கையின் மேலுறை. வண்டுகளுக்கு முன்னிறக்கை இரண்டும் ஓடு போலக் கெட்டிப்பட்டு, பறக்கும் இறக்கைகளை மூடிக் காக்கும். பொன்வண்டிலும் சாண வண்டிலும் அந்த ஓடு முதுகு முழுவதையும் மூடியிருப்பதைப் பார்க்கலாம். ஆசிட் பூச்சிக்கு அந்த ஓடு சட்டைக்கு மேல் போட்ட குட்டைக் கைக்கச்சு போல வயிற்றின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். வயிற்றின் பெரும்பகுதி மூடப்படாமல், வளையம் வளையமாக வெளியே தெரியும். பறக்கும் இறக்கை அந்தச் சிறு ஓட்டுக்குள் பல மடிப்பாக மடிந்து கிடக்கிறது. எனவே இறக்கையே இல்லாத பூச்சி என்று எண்ணிவிட வேண்டாம். இதனால் பறக்க முடியும். பெரும்பாலும் ஓடுவதையே விரும்பும்.

நடத்தையும் ஓர் அடையாளம். தொந்தரவு செய்தால் இது வயிற்று நுனியைத் தேள் போல மேலே தூக்கிக் காட்டும். கொட்டப் போகிறது என்று தோன்றும். ஆனால் அங்கே கொடுக்கு எதுவும் இல்லை. சுவரிலும் மேசையிலும் நில்லாமல் விரைந்து ஓடிக்கொண்டே இருக்கும்.

இதைப் போலவே தோன்றுபவை

தவறாக எண்ணப்படும் பூச்சிகளுள் முதலில் வருவது எறும்பு. எறும்புக்கு இடுப்பு நூல் போலச் சுருங்கியிருக்கும். உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். ஆசிட் பூச்சிக்கு இடுப்புச் சுருக்கம் இல்லை. உணர்கொம்பு மடங்காமல் மணி கோத்த இழை போல நீண்டிருக்கும். மழைக்குப் பின் விளக்கடியில் ஈசல் குவியும் அதே இரவில் இதுவும் வருவதால் ஈசல்களோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளுவதும் உண்டு. ஈசலுக்கு உடலைவிட நீண்ட நான்கு இறக்கைகள் இருக்கும். அவை எளிதில் உதிர்ந்து தரையெங்கும் கிடக்கும். இறக்கை உதிர்ந்த ஈசல் பழுப்பு நிறத்தில் மெதுவாக ஊரும். அதில் நிறப்பட்டைகள் கிடையா.

குளியலறையிலும் பூந்தொட்டி அடியிலும் காணப்படும் இடுக்கிவால் பூச்சிக்கும் மேலுறை குட்டையானதே. ஆனால் அதன் வால் நுனியில் இடுக்கி போன்ற இரண்டு கவைகள் தெளிவாகத் தெரியும். உடல் ஒரே பழுப்பாக இருக்கும்.

பழகிய கண்ணையும் ஏமாற்றக் கூடியது நெல் வயலிலேயே வாழும் இன்னொரு வண்டு. ஓஃபியோனியா என்னும் இவ்வண்டுக்கும் தலை கறுப்பு, மார்பு செம்பழுப்பு, இறக்கையில் கருநீலப் பட்டை. அளவும் ஏறக்குறைய ஒன்றே. இலைச்சுருட்டுப் புழு சுருட்டிய நெல் இலைக்குள் புகுந்து அந்தப் புழுவைத் தின்னும் வண்டு இது. இதனால் மனிதத் தோலுக்குக் கேடு இல்லை. இரண்டையும் பிரிக்க மேலுறையைப் பார்க்க வேண்டும். ஓஃபியோனியாவின் மேலுறை வயிற்றை ஏறக்குறைய முழுவதும் மூடியிருக்கும். அதன் கழுத்தும் குறிப்பிடத்தக்க அளவு நீண்டு ஒடுங்கியிருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இங்கே பிழை நேரும்.

கொப்புளத்தை உண்டாக்கும் இன்னொரு வண்டும் இப்பகுதியில் பழக்கமானதே. துவரை, தட்டைப்பயறு, வெண்டை, செம்பருத்திப் பூக்களை மேயும் கொப்புள வண்டு 2 சென்டிமீட்டருக்கும் மேல் பெரியது. கறுப்பு உடலில் அகன்ற செம்மஞ்சள் பட்டைகள் கொண்டது. அது பகலில் பூவில் அமர்ந்திருக்கும். அதன் நஞ்சும் வேறு. பயறு பறிப்பவர்கள் அதை நன்கு அறிவர். வீட்டு விளக்கடிச் சிறு பூச்சியோடு அதைக் குழப்பிக்கொள்ள இடமில்லை.

நஞ்சு

ஆசிட் பூச்சியின் நஞ்சுக்குப் பீடரின் என்று பெயர். அது வாயிலோ கொடுக்கிலோ இல்லை. உடலுக்குள் ஓடும் இரத்த நீரில் கலந்திருக்கிறது. பூச்சி நசுங்கினால்தான் அது வெளியே வரும். எனவே பூச்சி கையில் சும்மா ஊர்ந்து சென்றுவிட்டால் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை.

இப்பொருளை இத்தாலியர் மரியோ பவானும் உடன் ஆய்வாளர்களும் 1950களின் தொடக்கத்தில் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். ஒரு பூச்சியில் உள்ள நஞ்சின் அளவு மிகச் சிறிது. வேதியியல் அமைப்பைக் கண்டறியத் தேவையான அளவைத் திரட்டச் சுமார் 2.5 கோடி பூச்சிகளைச் சேகரிக்க வேண்டியிருந்தது. பீடரின் உயிரணுக்களில் புரதம் உருவாவதைத் தடுக்கிறது. அதனால் உயிரணுப் பிரிதலும் நின்றுபோகிறது. பட்ட உடனே எரியாமல் பல மணி நேரம் கழித்துப் புண் தோன்றுவது இதனால்தான். அமிலமாக இருந்தால் பட்டவுடன் எரிந்திருக்கும்.

இந்த நஞ்சை வண்டு தானே தயாரிப்பதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. பெண் வண்டின் உடலுக்குள் வாழும் சூடோமோனாஸ் வகை பாக்டீரியா ஒன்றுதான் அதை உண்டாக்குகிறது. இதற்கான மரபணுக்களை ஜெர்மானிய ஆய்வாளர் யோர்ன் பீல் 2002இல் வெளியிட்டார். தாய் வண்டு முட்டைகளுக்குள் நஞ்சைச் சேர்த்து அனுப்புகிறது. அந்த நஞ்சு உள்ள இளம்புழுக்களை ஓநாய்ச் சிலந்திகள் தின்னாமல் விட்டுவிடுகின்றன. மனிதனைத் துன்புறுத்துவதற்காக அமைந்த நஞ்சு அன்று இது. வயல் மண்ணில் சிலந்தியிடமிருந்து பிள்ளைகளைக் காக்கும் ஏற்பாடு. இதே போன்ற வேதிப்பொருள்கள் கடல் பஞ்சுகளிலும் கிடைத்திருப்பதால் புற்றுநோய் மருந்து ஆய்வாளர்களும் இதில் ஆர்வம் காட்டுகின்றனர்.

நாகத்தின் நஞ்சைவிடக் கொடியது என்று செய்திகளில் வரும் ஒப்பீடு வீண் அச்சத்தையே தருகிறது. வெளித்தோலில் படும் சிறு அளவு பீடரின் புண்ணை உண்டாக்கும். பாம்புக்கடி போல ஆளைக் கொல்லாது.

இப்பூச்சியைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு சீனாவில் கிடைக்கிறது. கி.பி. 739இல் சென் சாங்சி எழுதிய மருந்து நூலில், கறுத்த உடலும் சிவந்த கழுத்தும் நீல இறக்கையும் கொண்ட ஒரு நச்சுப் பூச்சி சொல்லப்பட்டுள்ளது. பச்சை குத்தியதை அழிக்கவும் படர்தாமரையைப் போக்கவும் அதன் நஞ்சு பயன்பட்டதாம். அந்த வருணனை பீடரஸ் வண்டுக்கே பொருந்துகிறது என்பது பூச்சியியலாளர்களின் கருத்து.

புண்ணைக் கொண்டு அறிதல்

பூச்சியைக் காணாதபோது புண்ணைக் கொண்டே அடையாளம் காண வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது கோடு போல நீண்டிருக்கும். நசுங்கிய பூச்சியை விரல் இழுத்துச் சென்ற வழி அது. முதலில் சிவந்து எரியும். பிறகு அதன் மேல் சிறு நீர்க்கொப்புளங்களும், நடுவில் மஞ்சள் சீழ் போன்ற நிறமும் தோன்றும். சில நாளில் பொருக்குத் தட்டி, ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறும். கருமையான தடம் மேலும் சில வாரம் நிற்கலாம். கழுத்து, முகம், கை போன்ற ஆடை மூடாத இடங்களில்தான் அதிகம் வரும். முழங்கை மடிப்பிலோ முழங்காலின் பின்மடிப்பிலோ நஞ்சு பட்டால், மடித்தபோது எதிர்ப்பக்கத்திலும் ஒட்டி, ஒன்றுக்கொன்று அச்செடுத்தது போல இரண்டு புண்கள் எதிரெதிரே தோன்றும். இந்த இரட்டைப் புண்ணைக் கண்டால் வேறு ஐயம் பெரும்பாலும் தேவையில்லை.

இங்கேதான் தமிழ்நாட்டில் அடிக்கடி ஒரு குழப்பம் நேர்கிறது. வரிசையாகக் கொப்புளம் எழுந்து எரிந்தால் உடனே அக்கி என்று முடிவு செய்வது வழக்கம். அக்கிக்குக் குயவரிடம் சென்று செங்காவியைக் குழைத்து எழுதிக்கொள்ளும் பழக்கம் புதுக்கோட்டைப் பகுதியில் இன்றும் உண்டு. அக்கியும் ஆசிட் பூச்சிப் புண்ணும் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே ஆறக்கூடியவை. எழுதியபின் ஆறியது என்னும் நம்பிக்கை தலைமுறைகளாக நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பூச்சிப் புண்ணில் காவி பூசுவதால் நேரும் இழப்பு சிறிது. மறுதலையாக, உண்மையான அக்கியைப் பூச்சிப் புண் என்று விட்டுவிட்டால் இழப்பு பெரிது. அக்கி என்பது முன்பு சின்னம்மை கண்டவரின் நரம்பில் ஒளிந்திருந்த வைரசு மீண்டும் எழுவதால் வருவது. அதற்கான மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். கண்ணருகே வந்த அக்கி பார்வையையே கெடுக்கக் கூடும்.

இரண்டையும் பிரித்தறியச் சில குறிகள் உள்ளன. அக்கியில் கொப்புளம் எழுவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடத்தில் குத்தலோ வலியோ தொடங்கிவிடுவது வழக்கம். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், நரம்பு செல்லும் பட்டையை ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் எழும், நடுக்கோட்டைத் தாண்டாது. ஆசிட் பூச்சிப் புண்ணில் முன்வலி இல்லை. கோடு நரம்பின் வழியைப் பின்பற்றாது. விரல் போன வழியில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். ஒரே அறையில் படுத்த இருவர் மூவருக்கு ஒரே வாரத்தில் வந்தால் அது பூச்சியே. முதியவர்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் ஐயம் இருந்தால் தாமே முடிவு செய்யாமல் அரசு மருத்துவமனையில் காட்டுவது நல்லது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் இன்னொரு சிக்கல். மருத்துவர்கள் பூச்சிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு களிம்பு தருவது உண்டு. ஆனால் அந்தப் புண் உண்மையில் படர்தாமரையாக இருந்தால் அதே களிம்பு அதை மறைத்துப் பரப்பிவிடும். மீந்த களிம்பை வீட்டில் வைத்திருந்து அடுத்தவருக்குத் தடவுவதும் நல்லதன்று. குப்பைமேனியை உப்போடு அரைத்துத் தேய்ப்பது தோல் அரிப்புக்குப் பலர் செய்யும் கைவைத்தியம். உடைந்த கொப்புளத்தில் எதையும் அழுத்தித் தேய்க்கக் கூடாது.

பூச்சி மேலே ஏறினால்

அடிக்காமல், தேய்க்காமல், ஊதித் தள்ள வேண்டும். அல்லது ஒரு காகிதத்தை முன்னால் வைத்து அதன் மேல் ஏறவிட்டு அகற்ற வேண்டும். உறக்கக் கலக்கத்தில் நசுக்கிவிட்டால் உடனே எழுந்து அந்த இடத்தையும் கைகளையும் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். கையைக் கழுவும் முன் கண்ணைத் தொடக் கூடாது. விரலில் ஒட்டிய நஞ்சு கண்ணிமையைத் தொட்டால் இமை வீங்கி மூடிக்கொள்ளும். கிழக்கு ஆப்பிரிக்காவில் இதற்கு நைரோபிக் கண் என்றே பெயர். கண்ணில் பட்டதாகத் தோன்றினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். பூச்சி நசுங்கிய தலையணை உறையையும் துண்டையும் துவைத்த பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும். செத்து உலர்ந்த பூச்சியிலும் நஞ்சு நெடுநாள் கெடாமல் இருக்கும். ஆகையால் காலையில் விளக்கடியில் கிடப்பவற்றை வெறுங்கையால் அள்ளாமல் துடைப்பத்தால் பெருக்க வேண்டும்.

புண் வந்தபின் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் எரிச்சல் தணியும். சொறிவதால் கிருமித் தொற்று சேரும். காய்ச்சல், சீழ், பரவும் வீக்கம் இருந்தால் மருத்துவம் தேவை. இப்புண் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தவோ தனியே படுக்க வைக்கவோ வேண்டியதில்லை.

வராமல் தடுக்க எளிய வழி வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது. பருவமழை நாட்களில் மாலை மங்கியதும் ஜன்னலையும் கதவையும் சாத்தலாம்; நெருக்கமான கொசுவலை அடிக்கலாம். வாசல் விளக்கை வெண்மையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினால் வரத்து குறையும். கட்டிலை விளக்குக்கு நேர் கீழே போடாமல் தள்ளிப் போட வேண்டும். படுக்கும் முன் விரிப்பை உதற வேண்டும். கொசுவலைக்குள் படுப்பவருக்கு இத்தொல்லை மிகக் குறைவு.

வயலில் இதன் பங்கு

வீட்டில் அஞ்சப்படும் இதே பூச்சி நெல் வயலில் உழவருக்கு உதவுவது. புகையான், தத்துப்பூச்சி, அசுவினி ஆகியவற்றையும் புழுக்களின் முட்டைகளையும் வேட்டையாடித் தின்கிறது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் வெளியிட்ட நெல் வயல் நண்பர்கள் பற்றிய கையேட்டில் பீடரஸ் ஃபுசிபெஸும் இடம்பெற்றுள்ளது. புகையான் தாக்கினால் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து சாய்வதை டெல்டா விவசாயிகள் அறிவர். அதைத் தின்னும் பூச்சிகளை மருந்தடித்துக் கொன்றுவிட்டால் புகையான் இன்னும் பெருகும். வீட்டுப் புண்ணுக்கு அஞ்சி வயலிலும் வரப்பிலும் பூச்சிக்கொல்லி தெளிப்பதால் வீட்டுக்கும் பயன் இல்லை, பயிருக்கும் கேடு. வீட்டுச் சுவரில் மருந்தடித்தால் அன்று வந்தவை சாகும். மறுநாள் இரவு விளக்கு எரிந்தால் வயலிலிருந்து வேறு வரும். தெளிப்பானைவிட விளக்கின் பொத்தான் இங்கே நன்றாக வேலை செய்கிறது.

மாதிரி எடுத்துக் காட்டுதல்

ஐயமுள்ள பூச்சியைக் காட்டிக் கேட்க விரும்பினால், அதை நசுக்காமல் பிடிக்க ஒரு கண்ணாடிக் குவளையும் ஓர் அட்டையும் போதும். குவளையை மேலே கவிழ்த்து அடியில் அட்டையைச் செருக வேண்டும். அப்படியே சிறு புட்டியில் இட்டு மூடி, சில மணி நேரம் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் பூச்சி முழு உடலோடு இறந்துவிடும். உணவுப் பொருளோடு கலக்காதபடி புட்டியின் மேல் எழுதி ஒட்டுவது அவசியம். கைப்பேசியில் படம் எடுப்பதாயின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, நேர் மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுக்க வேண்டும். மேலுறை எங்கே முடிகிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். அது தெரியாத படத்தைக் கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் பேரினம் வரை சரியாகச் சொல்லக் கூடும். இனத்தை உறுதி செய்ய உருப்பெருக்கியின் கீழ் பார்க்க வேண்டியிருக்கும்.

படத்தோடு மூன்று செய்திகளையும் குறித்துத் தர வேண்டும். பிடித்த நாளும் நேரமும், வீட்டின் எந்த இடம் என்பதும், பக்கத்தில் என்ன பயிர் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அவை. கறம்பக்குடிப் பகுதியில் உள்ளவர்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டலாம். ஆலங்குடியை அடுத்த வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. அங்கும் கொண்டு செல்லலாம். கோயம்புத்தூரில் அப்பல்கலைக்கழக வளாகத்தில் 2018இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தில் வண்டுக் குடும்பங்களைப் பதப்படுத்தி வரிசையாக வைத்திருக்கிறார்கள். மருத்துவரிடம் செல்பவர்கள் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. தோலில் உள்ள கோட்டையும் புட்டியில் உள்ள வண்டையும் ஒருசேரப் பார்க்கும் மருத்துவருக்கு அக்கியா பூச்சியா என்னும் கேள்வி எளிதாகிவிடும்.